காதுகுத்துப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

பாண்டிதுரையின் போனில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. அதில் பாதி மில் படங்கள். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஒரு நூற்பு மில்லில் அவன் ஃபிட்டர். எந்த மெஷினைப் பிரிப்பதாக இருந்தாலும் முதலில் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்து வைத்துக்கொள்வான். திரும்ப மாட்டும்போது எந்த வாஷர் எங்கே இருந்தது என்று முழிக்க வேண்டியதில்லை. மீதிப் பாதி முழுக்க ஒரே ஆள்தான். தங்கச்சி மகள் தன்ஷிகா. தவழ்ந்தது, பல் முளைத்தது, தக்காளியைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது, பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, எல்லாம் அதில் இருந்தது.

முப்பத்தாறு வயது அவனுக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்தபோது அவன் ஐடிஐ முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தான். தங்கச்சி பாண்டிசெல்வி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவளையும் மில்லுக்கு அனுப்பிவிடு என்றவர்கள்தான் அதிகம். அவன் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. விடிய எழுந்து இட்லி ஊற்றி, அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவான். அவள் டிகிரி முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் ராம்குமார் என்கிற பையனைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தான். ராம்குமாருக்குப் பால்கோவா கிண்டுகிற வேலை. நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்று நின்று ஆளே கொஞ்சம் சிவந்து போயிருப்பான். அதிகம் பேசமாட்டான், ஆனால் செல்வியை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

தன் கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் பாண்டிதுரை "பாப்போம்" என்று சிரித்துவிட்டு நழுவிவிடுவான். வார லீவு வந்தால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மருமகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவான். அரை மணி நேரப் பயணம்தான்.

பிள்ளைக்கு இரண்டு முடிந்து மூன்று நடக்கும்போது அய்யனார் கோவிலில் வைத்து மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அலறிய அலறலில் பாண்டிதுரைக்கே கண் கலங்கிவிட்டது. அழுகை அடங்கிய பிறகு, ஆற்றங்கரை மரத்தடியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவள் முறுக்கு தின்றதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். மரநிழல் அடர்த்தியாக இருந்ததால் ஃபிளாஷ் போட்டே எடுத்தான்.

"எல்லாத்தையும் போன்லயே போட்டு வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற?" என்று செல்வி கேட்டாள். "கையில புடிச்சுப் பாக்குற மாதிரி நாலு படத்தப் பிரிண்ட் போட்டுட்டு வாண்ணே. அடுத்த வாரம் வரும்போது கொண்டுட்டு வரணும், ஆமா."

அதற்குத்தான் அந்த வியாழக்கிழமை காலையில் அவன் பஞ்சு மார்க்கெட் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குப் போனான். மளிகையும் பாத்திரமும் தாண்டி உள்ளே போனால் சுவரோரம் ஆளுயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கும். நம் போனை அதனோடு இணைத்துவிட்டால் உள்ளே இருக்கிற படமெல்லாம் பெரிய திரையில் வந்துவிடும். வேண்டியதைத் தொட்டால் கீழே சூடாகப் பிரிண்ட் விழும். நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். மெஷின் என்றால் பாண்டிதுரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையில் தமிழ் என்று இருந்ததைத் தொட்டான், போனை இணைத்தான், மில்லில் எடுத்த ஸ்பிண்டில் படங்களையும் பேரிங் படங்களையும் தள்ளிக்கொண்டே போய்க் காதுகுத்துப் படங்களைப் பிடித்தான்.

முதல் படத்தைப் பெரிதாக்கியதுமே அவன் கை நின்றது. உள்ளங்கை அகலத்தில் எத்தனையோ தடவை பார்த்த படம்தான். இப்போது பிள்ளையின் முகம் மட்டுமே ஒரு தாம்பாளம் அளவுக்குத் திரையில் நின்றது. சந்தனத் தலை, கன்னத்தில் முறுக்குத் தூள், வலது கண் கருகருவென்று. இடது கண்ணின் கருவிழி நடுவில் மட்டும் வெள்ளை. பாலில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்ததுபோல் ஒரு வெள்ளை.

"இங்க வாம்மா, மெஷின்ல ஏதோ கோளாறு" என்று அங்கே சாமான் அடுக்கிக்கொண்டிருந்த கடைப் பெண்ணைக் கூப்பிட்டான். "படம் கெட்டுப்போய்க் காட்டுது."

அவள் எட்டிப் பார்த்தாள். "அது ஃபிளாஷ்ண்ணே. கண்ணுல அடிச்சிருக்கு. எல்லாருக்கும் வரும். செவப்புக் கண் நீக்குன்னு இருக்கு பாருங்க, அதத் தொடுங்க."

தொட்டான். ஒன்றும் ஆகவில்லை. சிவப்பாக இருந்தால்தானே நீக்க? அந்தப் பெண் வேறு ஒரு இடத்தைத் தொட்டு ஒரு தூரிகைப் படத்தைக் காட்டினாள். "இதுல கருப்ப எடுத்து வெரலால தேச்சு விடுங்க. சரியாயிரும்."

தேய்த்தான். வெள்ளை போய்விட்டது. பிள்ளை இரண்டு கண்ணும் கருப்பாகச் சிரித்தாள். பாண்டிதுரைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த படத்திலும் அந்த வெள்ளை இருந்தது. அதையும் தேய்த்தான். சில படங்களில் இல்லை, சில படங்களில் இருந்தது. இருக்கிற இடத்திலெல்லாம் பொறுமையாக விரல் நுனியால் கருப்பு பூசிக்கொண்டே போனான். பதினோரு படம் ஆயிற்று.

பன்னிரண்டாவது படத்தில் விரலை வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி, அத அழிக்காதீங்க."

திரும்பிப் பார்த்தான். தன் முறைக்காகக் காத்து நின்ற ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு கட்டைப்பை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"கோவிச்சுக்கிடாதீங்க. செத்த நேரமா பாத்துக்கிட்டே நிக்கேன். எம் பேரு ஹெப்சிபா. ஜவஹர் மைதானம் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைல பவர் செக் பண்ற வேலைல இருக்கேன். பிள்ளை யாரு?"

"தங்கச்சி மக. ஏன்?"

"வர்ற படத்துலயெல்லாம் அதே கண்ணுலதான் வருது. ஃபிளாஷ்னா ரெண்டு கண்ணுலயும் அடிக்கணும், செவப்பா அடிக்கணும். இது வெள்ளையா இருக்கு. ஒடனே ஒரு கண் டாக்டர்கிட்டக் காட்டுங்க தம்பி. நாளைக்கு நாளன்னைக்குன்னு போடாதீங்க."

"என்னம்மா சொல்லுதீங்க? பிள்ளை நல்லா ஓடியாடித் திரியிறா. போன வாரந்தான் காது குத்துனோம்."

"ஓடியாடத்தான் செய்வா. ஒரு கண்ணு தெரிஞ்சாலே போதும், பிள்ளைகளுக்குப் பழகிரும். வீட்டுக்குப் போனதும் ஒண்ணே ஒண்ணு செய்ங்க. ஒரு கண்ண மட்டும் கையால பொத்திப் பாருங்க. பொறவு மத்த கண்ணப் பொத்திப் பாருங்க. நான் டாக்டர் இல்ல, எனக்குத் தப்பாக்கூட இருக்கலாம். ஆனா பாக்காம விட்றாதீங்க."

பாண்டிதுரைக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி, நடுக்கடையில், பால் மணம் மாறாத பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசலாமா? "ஒங்க வேலையப் பாருங்கம்மா. நல்ல நாளும் அதுவுமா" என்றான். சத்தம் அவன் நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டது. கடைப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஹெப்சிபா கைப்பையிலிருந்து கடை விலாச அட்டையை எடுத்து மெஷின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். அவன் பன்னிரண்டாவது படத்தை விட்டுவிட்டு, கருப்புப் பூசிய பதினொன்றையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அந்த அட்டையை எப்போது எடுத்துச் சட்டைப் பையில் போட்டான் என்பது அவனுக்கே தெரியாது.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அந்த அம்மாவை நினைக்கக் கூடாது என்றுதான் போனை எடுத்தான். எடுத்தவன் காதுகுத்துப் படங்களைத் திறந்தான், இரண்டு விரலால் விரித்தான். வெள்ளை இருந்தது. பிள்ளை நேராகப் பார்க்கும் படத்தில் இல்லை, கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கும் படத்தில் இருந்தது. மெஷின் கோளாறு என்று சொல்லிக்கொள்ள இனி வழியில்லை, இது அவன் போன். பஸ் மடவார்வளாகத்தில் நின்று, ஆள் இறங்கி, மறுபடி கிளம்பிய பிறகுதான் தன் நிறுத்தம் போய்விட்டது என்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்ப நடந்தான்.

செல்வி வாசலிலேயே படங்களைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆத்தாடி, எம்புட்டு அழகா வந்திருக்கு! சந்தனம்கூட அப்பிடியே தெரியுது பாரேன்." அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

தரையில் உட்கார வைத்தான். ஒரு பிஸ்கட்டை எடுத்து முன்னால் நீட்டியபடி, இடது கண்ணை மெல்லப் பொத்தினான். அவள் சிரித்தாள். மாமா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டி டக்கென்று பிஸ்கட்டை வாங்கி வாயில் வைத்தாள். அப்பாடா என்றிருந்தது. இன்னொரு பிஸ்கட்டை எடுத்தான். இப்போது வலது கண்ணைப் பொத்தினான்.

சிரிப்பு நின்றது. பிள்ளை அசையாமல் இருந்தாள். பிஸ்கட் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் காற்றில் துழாவினாள். பிஸ்கட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவினாள். பிறகு அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

பிள்ளை அழுகிறாள், தூக்க வேண்டும் என்று தெரிகிறது, பாண்டிதுரைக்குக் கை எழும்பவில்லை. செல்வி ஓடிவந்தாள்.

"என்னண்ணே, என்ன ஆச்சு? ஏன் இப்பிடி இருக்க?"

"செல்வி." பிள்ளை பக்கம் கையைக் காட்டினான். "பிள்ளைக்கு எடது கண்ணு தெரியல ஏட்டி."

"என்ன பேசுத நீ?"

அவன் மறுபடியும் பொத்திக் காட்டினான். செல்வி பார்த்தாள். தானும் ஒரு தடவை பொத்திப் பார்த்தாள். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்து வந்த ராம்குமார் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கண்ணப் பொத்துனா எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும் மச்சான். பாப்பாவுக்கு லேசா ஒண்ணரைக் கண்ணு மாதிரி இருக்குன்னு எங்க தெருவுல எப்பவோ சொன்னாவ. அதுவும் அதிர்ஷ்டம்னுதான சொன்னாவ? கடையில நின்ன யாரோ ஒரு பொம்பள சொன்னான்னு நீங்க வந்து வீட்டையே கலக்கிட்டீங்க." ராம்குமார் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் பாண்டிதுரை கேட்டான்.

"மாப்ளே, நான் சொல்லுதது பொய்யாப் போகட்டும். டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், என்னைய நீங்க எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க. இப்ப கெளம்புங்க."

ராம்குமார் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு தடவை அடித்தார், இன்னொரு தடவை பக்கவாட்டில் அடித்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுச் செல்வியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்ன அந்த நிமிடமே மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலையிலேயே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் லெட்டர் தாறேன். உள்ளே ஏதோ கட்டி மாதிரி இருக்கு" என்றார்.

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. இடது கண்ணின் விழித்திரையில் புற்றுநோய்க் கட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை. கண் முழுக்க நிரம்பிவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை போய்ப் பல மாதம் இருக்கும். இனி அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம். வலது கண் இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது.

"கண்ணயே எடுக்கணுமா?" என்று ராம்குமார் கேட்டான். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டான். நாலு தடவையும் அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வெள்ளை முதல்ல எப்போ தெரிஞ்சுச்சுன்னு சொல்ல முடியுமா? பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

பாண்டிதுரை போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். காதுகுத்திலிருந்து பின்னோக்கித் தள்ளினான். தீபாவளிப் படத்தில் இருந்தது. இரண்டாவது பிறந்தநாள் கேக் படத்தில் இருந்தது, மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று அன்றைக்கு நினைத்திருப்பான். அதற்கும் முன்னால், வாளிக்குள் உட்கார்ந்திருந்த படத்தில் அரைப்பிறை போல ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. அந்தப் படத்தின் தேதியைப் பார்த்தான். பிள்ளைக்கு அப்போது ஒரு வயதுகூட முடியவில்லை. பதினேழு மாதம். பதினேழு மாதமாக அது அவன் சட்டைப் பைக்குள் இருந்திருக்கிறது. மில்லில் ஒருத்தர் விடாமல் காட்டியிருக்கிறான். ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். "மருமகளைப் பாருங்கலே" என்று கேன்டீனில் போனைச் சுற்றுக்கு விட்டிருக்கிறான். ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில் ஓடும் ஹாலில் ஒரே ஒரு பேரிங் தேய்ந்தாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறவன் என்று அவனுக்குப் பேர். வராந்தாவின் கடைசியில் இருந்த குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.

செல்வி தேடி வந்தபோது அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டி, அந்த மெஷின்ல நான் அத அழிச்சேன்டி. பதினோரு படத்துல. என் வெரலாலேயே கருப்பப் பூசி அழிச்சேன். அழகாயிருச்சுன்னு வேற நெனச்சேன்."

செல்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான்.

"நான் பாத்திருக்கேன்ணே" என்றாள்.

"என்னத்த?"

"அந்த வெள்ளைய. சாயங்காலம் வெளக்குப் போடும் முன்னாடி, மடியில போட்டுப் பால் குடுக்கையில, வாசல் வெளிச்சம் படும். கண்ணு மின்னும். பூனைக்கண்ணு மாதிரி மின்னும். எம்புட்டோ நாள் பாத்திருக்கேன். எம் பிள்ளைக்கு மட்டும் இப்பிடி ஒரு அழகுன்னு நெனச்சுக்கிட்டேன். கண்ணு பட்டுரும்னு யாருகிட்டயும் சொல்லல. இவிய அப்பாகிட்டகூடச் சொல்லல."

இரண்டு பேரும் அந்தக் குழாயடியில் நெடுநேரம் நின்றார்கள். பக்கத்தில் யாரோ தூக்குவாளி கழுவிக்கொண்டு போனார்கள்.

ராம்குமார் கையெழுத்துப் போட்டான். பேர் பாதிதான் புரிந்தது. ஆபரேஷன் முடிந்து பிள்ளையை வெளியே கொண்டுவந்தபோது முகத்தில் பாதியை மறைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் முதலில் கேட்டது முறுக்கு. நர்ஸ் சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றார். மூன்று பெரியவர்களும் அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எடுத்த கண்ணைச் சோதித்துப் பார்த்ததில் நோய் நரம்பு வழியாக வெளியே போகவில்லை என்று தெரிந்தது. மருந்து ஏற்ற வேண்டிய தேவை இல்லை என்றார்கள். "இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. ஒன்றரை மாதம் கழித்துச் செயற்கைக் கண் வைத்தார்கள். நிறம் பார்த்து, அளவு பார்த்துச் செய்தது. தெரியாதவர்கள் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. பிள்ளைக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கழுவுவதற்காகச் செல்வி அதைக் கழற்றும்போது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு ஓடப் பார்ப்பாள்.

மதுரையிலிருந்து திரும்பிய பிறகு ஒரு நாள் பாண்டிதுரை அந்த விலாச அட்டையை வைத்துக் கண்ணாடிக் கடையைத் தேடிப் போனான். ஹெப்சிபா ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பிள்ளை?" என்றாள்.

"இருக்கா. கண்ண எடுத்துட்டாவ. பிள்ளை இருக்கா."

அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க கோவமாப் போனதும், நமக்கெதுக்கு வம்புன்னு ஒரு நிமிசம் நெனச்சேன் தம்பி. பொறவு மனசு கேக்கல. பின்னாடியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். எந்த பஸ்ல ஏறுனீங்கன்னு தெரியல. இத்தனை நாளும் வழியில பாக்குற மொட்டைப் பிள்ளையெல்லாம் அதுதானோன்னு பாத்துக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நடுக்கடையில் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாயில் வரவில்லை. எழுத்துப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், என்ன ஏது என்று தெரியாமலே அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

அதிர்ச்சி ஒரே நாளில் வந்துவிட்டுப் போகிற விஷயமில்லை என்று பாண்டிதுரை அந்த வருடத்தில் தெரிந்துகொண்டான். மில்லில் யாராவது தங்கள் பிள்ளை படத்தைக் காட்டினால் அவன் முகத்தைப் பார்க்காமல் கண்ணைத்தான் முதலில் பார்ப்பான். பஸ்ஸில் முன் சீட்டில் பிள்ளை திரும்பிச் சிரித்தால் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அவனுக்குச் சாப்பாடு இறங்காது. வலது கண் சுத்தம் என்று கேட்ட பிறகுதான் இறங்கும்.

பிள்ளைக்கு நாலு வயது நடக்கும்போது செல்வி மறுபடியும் உண்டானாள். கூடப்பிறக்கும் பிள்ளைக்கும் இந்த நோய் வர வாய்ப்புண்டு, அடுத்த பிள்ளை பிறந்ததும் தள்ளிப்போடாமல் கொண்டுவந்து காட்டுங்கள் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆண் குழந்தை பிறந்தது. யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பாண்டிதுரை போனைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுக்கவே பயந்தான். பன்னிரண்டாம் நாள் வாடகைக் கார் பிடித்து மதுரைக்குப் போனார்கள்.

குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே செல்வி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தன்ஷிகா மாமா மடியில் ஏறிக்கொண்டு, அவன் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றுக்குப் பிறகு ஏழு என்றாள். அவன் திருத்தவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மாவே வெளியே வந்தார்.

"ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்கு. இருந்தாலும் மாசா மாசம் கொண்டு வாங்க, பார்த்துக்கிட்டே இருப்போம்."

செல்வி எழுந்து உள்ளே ஓடினாள். தன்ஷிகா மடியிலிருந்து குதித்து அவள் பின்னாலேயே ஓடினாள். பாண்டிதுரையும் எழுந்திருக்கப் பார்த்தான். கால் கேட்கவில்லை. மறுபடியும் முயன்றான். முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ராம்குமார் திரும்பி வந்து, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான்.

"நல்ல செய்திதான மச்சான் சொல்லிருக்காவ" என்றான்.

"தெரியுது மாப்ளே" என்றான் பாண்டிதுரை. "செத்த நேரம் புடிச்சுக்கோங்க."